களஞ்சியத்துக்குப் பக்கத்து வீடு

புனே மாவட்டத்தின் சிரூர் வட்டத்தில், கோட் ஆற்றங்கரையில் இனாம்காவ் என்றொரு ஊர் இருக்கிறது. பீமாவில் போய்ச் சேரும் சிறிய ஆறு அது. அங்கிருந்த பழைய குடியிருப்பில், ஏறக்குறைய 3,000 ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன ஒருவரை ஊரார் வழக்கத்துக்கு மாறான முறையில் அடக்கம் செய்திருக்கிறார்கள். சுடாத களிமண்ணில் செய்த, நான்கு கால்கள் வைத்த பெரிய தாழி. சுமார் 80 செ.மீ. உயரம், பருத்த வயிறு. அதற்குள் அவரைக் கால் மடக்கி உட்கார வைத்திருந்தார்கள். வயது நாற்பதை ஒட்டி இருக்கலாம். தாழி புதைந்திருந்த இடம், ஊருக்கு நடுவில் இருந்த ஐந்து அறை வீட்டின் முற்றம்.

அந்த ஊரில் மற்றப் பெரியவர்களுக்கு இப்படி நடக்கவில்லை. அவர்களைக் குழியில் நீட்டிப் படுக்கவைத்து, தலையை வடக்கே வைத்துப் புதைத்தார்கள். பெரும்பாலும் வீட்டுத் தரைக்கு அடியில், அல்லது முற்றத்தில். புதைப்பதற்கு முன் கணுக்காலுக்குக் கீழே பாதங்களை வெட்டி எடுத்துவிடுவார்கள். குழந்தை இறந்தால் இரண்டு பானைகளை வாயோடு வாய் சேர்த்துக் கிடத்தி, அதற்குள் வைத்துப் புதைப்பார்கள். இறந்தவர் எழுந்து நடந்து வீட்டுக்குத் திரும்பிவிடக் கூடாது என்ற அச்சத்தில்தான் பாதங்களை நீக்கினார்கள் என்று அகழாய்வாளர்கள் விளக்கினார்கள். தாழியில் அமர்ந்திருந்தவருக்கோ இரண்டு பாதங்களும் அப்படியே இருந்தன.

யார் அவர்? ஊர்த்தலைவரா, பூசாரியா, அந்தக் குடியின் மூத்தவரா? எழுத்து இல்லாத காலம். நாணயம் இல்லை, கல்வெட்டு இல்லை, அரண்மனை இல்லை. தக்காணத்தில் அரசு என்று சொல்லத்தக்க ஒன்று உருவாகப் பல நூற்றாண்டுகள் இருந்தன. இருந்தாலும் அந்த மண்வீட்டுக் கிராமத்தில் ஒருவர் சொல்லை மற்றவர்கள் கேட்டிருக்கிறார்கள் என்றால், அதை மண்ணிலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது? கிராமத்தில் அதிகாரம் முளைத்த வரலாற்றைத் தேடுகிறவர்களுக்கு இந்தியாவில் இனாம்காவைப் போல விரிவாகப் பேசும் இடங்கள் மிகச் சிலவே உண்டு.

இங்கே அகழாய்வு நடத்தியது புனே டெக்கான் கல்லூரி. 1968இல் தொடங்கி 1983 வரை, ஹ.தீ. சங்காலியா, எம்.கே. தவளிகர், இசட்.டி. அன்சாரி ஆகியோர் முன்னின்று செய்த வேலை அது. முழு அறிக்கை 1988இல் வெளிவந்தது. ஊர் உயிரோடு இருந்த காலம் ஏறத்தாழ கி.மு. 1600 முதல் கி.மு. 700 வரை. இந்த 900 ஆண்டுகளை மூன்று கட்டங்களாகப் பிரித்தார்கள். கி.மு. 1400 வரை மால்வாப் பண்பாட்டுக் காலம். கி.மு. 1000 வரை முற்கால ஜோர்வே. அதன்பின் பிற்கால ஜோர்வே. ஜோர்வே என்பது பிரவரா ஆற்றங்கரையில் உள்ள ஓர் ஊரின் பெயர். கறுப்புக் கோலம் தீட்டிய சிவப்புப் பானைகள் முதலில் அங்கே அடையாளம் காணப்பட்டதால், அந்தப் பண்பாட்டுக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. செம்பும் கல்லும் சேர்ந்து புழங்கிய காலம் அது.

தோண்டிய முறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்றதெல்லாம் அதை நம்பித்தான் நிற்கிறது. அதற்கு முந்தைய அகழாய்வுகளில் பெரும்பாலானவை செங்குத்தானவை. ஒரு குழியை ஆழமாக, கீழே கன்னிமண் தட்டுப்படும்வரை தோண்டுவார்கள். எந்தப் பானை முந்தியது, எது பிந்தியது என்பது அடுக்கடுக்காகத் தெரியும். காலவரிசை கிடைத்துவிடும். ஆனால் நாலு மீட்டர் சதுரத்துக்குள் ஒரு முழு வீடுகூட அடங்காதே! பக்கத்து வீடு பெரியதா சிறியதா, குயவர் எங்கே இருந்தார், தானியம் யார் வீட்டருகே கிடந்தது என்பதெல்லாம் குழிக்கு வெளியே மண்ணுக்குள் போய்விடும். இனாம்காவில் பக்கவாட்டில் விரித்துத் தோண்டினார்கள். ஒரே காலத்துத் தரைகளை அடுத்தடுத்துத் திறந்துகொண்டே போனார்கள். 130க்கும் மேற்பட்ட வீடுகள் வெளிப்பட்டன. ஒருவருக்கு அதிகாரம் இருந்ததென்றால் அது இன்னொருவரை வைத்துத்தான் தெரியும். தனி வீடு எதையும் சொல்லாது. ஊர் முழுக்கத் தெரிந்தால்தான் வேறுபாடு தெரியும்.

வீடுகள் எல்லாமே மண்தான். தட்டி கட்டி மண் பூசிய சுவர், மேலே கூரை. காலப்போக்கில் சுவர் கரைந்துபோய்விட, எஞ்சுவது சாணமும் மண்ணும் போட்டு மெழுகிய தரை, தூண் நட்ட குழிகள், அடுப்பு, பானை வைத்த மண்திட்டு. கரிசல் மண்ணுக்குள் ஒரு தூண் குழியைப் பிரித்தறிவது எளிய வேலை இல்லை. மக்கிய மரம் விட்டுப்போன வட்டம் நிறத்தில் மட்டும் சற்றே வேறுபட்டிருக்கும். ஈரம் காய்வதற்குள் பார்த்துவிட வேண்டும். அப்படி வட்டம் வட்டமாகக் குறித்துச் சேர்த்த வரைபடத்தில்தான் ஊரின் அமைப்பு தெரிந்தது.

முற்கால ஜோர்வே ஊர் சுமார் 5 ஹெக்டேர் பரப்பு. வசதியான குடிகளின் பெரிய செவ்வக வீடுகள் நடுப்பகுதியில் இருந்தன. குயவர், பொற்கொல்லர், சுண்ணாம்பு சுடுபவர், மணி செய்பவர், தந்த வேலை செய்பவர் போன்ற கைவினைஞர்கள் ஊரின் மேற்கு விளிம்பில் குடியிருந்தார்கள். பெரும்பாலானவை ஓரறை வீடுகளே. நடுவில் ஒரு வீட்டுக்கு மட்டும் ஐந்து அறைகள். அதை ஒட்டியே களஞ்சியம். ஆழமான தானியக் குழிகளும், குதிர் வைப்பதற்கான வட்ட மண்மேடைகளும் அங்கே நெருக்கமாக இருந்தன. ஒரு குடும்பம் தின்று தீர்க்கும் அளவைவிட மிக அதிகமான சேமிப்பு.

இந்தக் களஞ்சியம்தான் என் கண்ணில் தாழியைவிடப் பெரிய சான்று. சகியாத்திரி மலைத்தொடரின் மழை மறைவுப் பகுதி அது. இன்றைக்கும் வறட்சிக்குப் பேர்போன வட்டாரம். இனாம்காவ் மக்கள் வாற்கோதுமையை அதிகம் பயிரிட்டார்கள். கோதுமை, பயறு வகைகள், பட்டாணி, கொஞ்சம் நெல்லும் கிடைத்திருக்கின்றன. மாடு, ஆடு வளர்த்தார்கள். மானும் மீனும் நண்டும் தின்றார்கள், இலந்தையும் நாவலும் நெல்லியும் பொறுக்கினார்கள். மழை பொய்க்கும் ஆண்டு வரும் என்று தெரிந்த ஊரில், இருக்கும் ஆண்டின் தானியத்தை இல்லாத ஆண்டுக்கு வைக்க வேண்டும். எத்தனை படி யார் கொடுப்பது, எப்போது திறப்பது, முதலில் யாருக்கு அளப்பது, விதைக்கு எவ்வளவு ஒதுக்குவது என்று யாராவது முடிவெடுத்தே ஆக வேண்டும். அந்த முடிவு ஆண்டுதோறும் ஒரே வீட்டில் எடுக்கப்பட்டால், இரண்டு தலைமுறைக்குப் பிறகு அந்த வீட்டைக் கேட்காமல் ஊரில் எதுவும் நடக்காது. களஞ்சியத் தானியம் ஊரார் தலைவருக்கு வரிபோலக் கொடுத்தது என்று தவளிகர் கருதினார். வரி என்ற அளவுக்கு அது முறைப்பட்டிருந்ததா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஆனால் அந்த வீட்டுக்கும் அந்தக் குதிர்களுக்கும் இடையே ஓர் உறவு இருந்தது என்பதை வரைபடத்தைப் பார்க்கும் யாரும் மறுக்க முடியாது.

அடுத்த சான்று ஒரு வாய்க்கால். ஊரின் மேற்கே, ஆற்று வெள்ளத்தைத் திருப்பிப் பாசனத்துக்குக் கொண்டுபோக வெட்டியது என்று அகழாய்வாளர்கள் சொன்னார்கள். ஆள் உயரத்தைவிட ஆழம், நூறு மீட்டருக்கும் மேல் நீளம், பக்கத்தில் கரை. இவ்வளவு பெரிய வேலையை வாங்க ஒரு தலைவர் இருந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். நீர்ப்பாசனம்தான் வல்லாட்சியைப் பெற்றது என்று 1957இல் கார்ல் விட்ஃபோகல் எழுதிய நூலின் செல்வாக்கு அந்தத் தலைமுறை ஆய்வாளர்களிடம் நிறையவே இருந்தது.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நூறு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், மூன்று மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொண்டால் 900 கன மீட்டர் மண். இரும்பு மண்வெட்டி இல்லாத ஒருவர் ஒரு நாளில் ஒரு கன மீட்டர் தோண்டிக் கூடையில் அள்ளிப் போடுவார் என்று கொண்டால், 30 பேருக்கு ஒரு மாத வேலை. வாய்க்கால் இதைப்போல இரண்டு மடங்கு இருந்தாலும் இரண்டு கோடைகளில் முடியும். இதற்கு அரசனும் வேண்டாம், சாட்டையும் வேண்டாம். ஊர் கூடிப் பேசி, வீட்டுக்கு ஒருவர் என்று வந்தால் முடிந்துவிடும். எனவே வாய்க்கால் வெட்டப்பட்டதைக் கொண்டு தலைவர் இருந்தார் என்று சொல்வது பலவீனமான வாதம். வெட்டிய பிறகு நிலைமை வேறு. வண்டல் ஆண்டுதோறும் தூர்க்கும். தண்ணீர் குறையும்போது யார் வயலுக்கு முதல் மடை என்ற சண்டை வரும். அதிகாரத்தின் தேவை அங்கேதான் பிறந்திருக்கும்.

தலைவர் தானியத்தைச் சேர்த்து ஊருக்கே திருப்பிப் பங்கிடுகிறார், அதனால்தான் மக்கள் அவரை ஏற்கிறார்கள் என்பது 1960களில் மானிடவியலில் வலுவாக இருந்த கருத்து. எல்மன் சர்வீஸ் 1962இல் வெளியிட்ட நூலில் சமூகங்களை நான்கு படிகளில் நிறுத்தினார்: சிறு கூட்டம், இனக்குழு, தலைவர் ஆளும் சமூகம், அரசு. மூன்றாம் படியின் உயிர்நாடி பங்கீடு என்பது அவர் கருத்து. இனாம்காவ் அந்த மூன்றாம் படிக்கு உதாரணமாகக் காட்டப்பட்டது. பின்னர் ஹவாய் தீவுகளை ஆராய்ந்த திமோதி எர்ல் இந்தப் படத்தைக் கலைத்தார். ஹவாயில் தலைவர்களிடம் போய்ச் சேர்ந்ததில் பெரும்பகுதி பொதுமக்களுக்குத் திரும்பி வரவில்லை. தலைவரின் ஆட்களுக்கும் சடங்குகளுக்கும் அது செலவானது. களஞ்சியம் கருணைக்கும் பயன்படும், கட்டுப்படுத்தவும் பயன்படும். தானியக் குழியைப் பார்த்து எது என்று சொல்லிவிட முடியாது.

ஊர் பெரிதானால் தலைவர் தானாக வந்துவிடுவார் என்பதும் உண்மையல்ல. துருக்கியில் சாத்தால்ஹோயுக் என்ற குடியிருப்பு இருந்தது. கி.மு. 7100 முதல் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். தெருக்கூட இல்லை. கூரை வழியே வீட்டுக்குள் இறங்குவார்கள். இனாம்காவைப் போலவே இறந்தவர்களை வீட்டுத் தரைக்கு அடியில் புதைத்தார்கள். ஆனால் தலைவர் வீடு என்று சுட்டிக்காட்ட ஒரு வீடு கிடையாது, பொதுக் களஞ்சியம் கிடையாது. ஒவ்வொரு வீட்டிலும் அதற்கென்று ஒரு சிறு சேமிப்பறை. இன்னொரு கோடியில் பல்கேரியாவின் வார்னா. அங்கே 1972இல் தற்செயலாகக் கண்டுபிடித்த இடுகாட்டில், கி.மு. 4500ஐ ஒட்டிய கல்லறைகளில் 6 கிலோ தங்கம் இருந்தது. 43ஆம் எண் கல்லறையில் ஒரே மனிதரோடு மட்டும் ஏறத்தாழ 1.5 கிலோ. இங்கே வேற்றுமையைக் கண்டுபிடிக்க யாரும் வரைபடம் போட வேண்டியதில்லை.

இனாம்காவில் அத்தகைய செல்வப் பகட்டு இல்லை. தாழி மனிதரோடு பொன் எதுவும் குவிக்கப்படவில்லை. அவர் தனித்துத் தெரிவது உடைமையால் அல்ல, நடத்தப்பட்ட விதத்தால். அவர் உடலைத் தாங்குவதற்காகவே ஒரு தாழியை வனைந்திருக்கிறார்கள். அதைச் சுடாமல் விட்டதால் வேறு எதற்கும் அது பயன்பட்டிருக்காது. ஊரார் எல்லோரிடமும் நீக்கிய பாதங்களை இவருக்கு மட்டும் விட்டுவைத்தார்கள். அச்சம்தான் பாதம் வெட்டியதற்குக் காரணம் என்றால், இவர் திரும்பி வந்தாலும் பரவாயில்லை என்று நினைத்திருக்கிறார்கள். வர வேண்டும் என்றே விரும்பியிருக்கவும் கூடும்.

இதைவிட முக்கியமான செய்தி அதே இடத்தில் சற்றுக் கீழே கிடைத்தது. இதேபோல நான்கு கால் வைத்த இன்னொரு தாழி, முந்தைய தலைமுறையைச் சேர்ந்தது. அதற்குள் எலும்புக்கூடு இல்லை. வெளியூரில் இறந்து உடல் கிடைக்காத ஒருவருக்காகச் செய்த அடையாள அடக்கமாக இருக்கலாம் என்பது தவளிகர் விளக்கம். காரணம் எதுவானாலும், ஒரே வீட்டிடத்தில் இரண்டு முறை அதே சிறப்பு நடந்திருக்கிறது. ஒரு மனிதருக்கு ஒருமுறை கிடைத்த மரியாதை அவருடைய வீரத்துக்கோ அறிவுக்கோ கிடைத்ததாக இருக்கலாம். அதே இடத்தில் மறுபடியும் அதே மரியாதை என்றால், அது குடிவழியாக இறங்கத் தொடங்கிவிட்டது என்ற எண்ணம் எழுகிறது. அதிகாரம் வேர்விடுவது அந்தப் புள்ளியில்தான். திறமையால் வந்த தலைமை ஒருவரோடு போய்விடும். பிறப்பால் வரும் தலைமை ஊரின் அமைப்பையே மாற்றிவிடும். இதை உறுதிசெய்ய உலகெங்கும் ஆய்வாளர்கள் குழந்தைகளின் புதைகுழிகளைப் பார்ப்பார்கள். எதையும் சாதிக்க வயதே இல்லாத குழந்தையோடு விலையுயர்ந்த பொருள் கிடைத்தால், அந்த மதிப்பு பெற்றோரிடமிருந்து வந்தது. ஜோர்வேப் பண்பாட்டு ஊரான நெவாசாவில் ஒரு குழந்தை செம்பு மணி மாலையோடு புதைக்கப்பட்டிருந்தது. செம்பு அரிதாக இருந்த நாட்டில் அது சாதாரண அணி அல்ல.

பிரவரா ஆற்றங்கரையின் தைமாபாத் இந்தப் பண்பாட்டின் மிகப்பெரிய ஊர். இனாம்காவைப்போல நான்கு மடங்கு. பெரிய ஊர், நடுத்தர ஊர், இருநூறுக்கும் மேற்பட்ட சிற்றூர்கள் என்ற வரிசையே, ஊர்களுக்கு மேல் ஊர் ஏறி நின்ற ஒரு தலைமை அமைப்பைக் காட்டுவதாகத் தவளிகர் சொன்னார். தைமாபாத்தில் 1974இல் கிடைத்த நான்கு வெண்கல உருவங்கள் புகழ்பெற்றவை. மாடு பூட்டிய வண்டியோட்டி, யானை, காண்டாமிருகம், எருமை, எல்லாம் சேர்ந்து 60 கிலோவுக்கும் மேல். இவ்வளவு உலோகத்தை ஒருவர் திரட்ட முடிந்ததென்றால் எத்தனை பெரிய அதிகாரம் என்று வியக்கத் தோன்றும். ஆனால் அவை அகழாய்வுக் குழியில் கிடைத்தவை அல்ல. ஊர்க்காரர்கள் தற்செயலாகத் தோண்டி எடுத்தவை. எந்த மண்ணடுக்கில் கிடந்தன என்பது பதிவாகாததால் அவற்றின் காலம் பற்றிய விவாதம் இன்றும் முடியவில்லை. எனவே அவற்றை இந்த வாதத்துக்குச் சான்றாக நான் சேர்க்க மாட்டேன்.

கி.மு. 1000ஐ ஒட்டி எல்லாம் சரிந்தது. கோதாவரி, தாப்தி பள்ளத்தாக்குகளில் ஜோர்வே ஊர்கள் கைவிடப்பட்டன. பீமா பள்ளத்தாக்கில் இனாம்காவ் இன்னும் 300 ஆண்டுகள் தாக்குப்பிடித்தது. ஆனால் பழைய ஊராக இல்லை. விசாலமான செவ்வக வீடுகள் போய், நெருக்கமான வட்டக் குடிசைகள் வந்தன. பானைகள் கரடுமுரடாயின. வேட்டையும் ஆடு மேய்ப்பும் கூடின. ஊரார் ஓரிடத்தில் நிலையாக இருந்தார்களா, மந்தையோடு பருவத்துக்குப் பருவம் இடம் மாறினார்களா என்ற கேள்வியையும் பின்னாளைய ஆய்வாளர்கள் எழுப்பியிருக்கிறார்கள்.

அந்த ஊர்க் குழந்தைகளின் எலும்புகளை க்வென் ராபின்ஸ் ஷுக் மீண்டும் அளந்து 2011இல் நூலாக வெளியிட்டார். பிற்கால ஜோர்வேக் குழந்தைகளின் எலும்பு வளர்ச்சி, வயதுக்கு வேண்டிய அளவுக்கு இல்லை. பசியும் நோயும் எலும்பில் பதிந்திருக்கின்றன. திடீரென மழை பொய்த்ததுதான் ஒரே காரணம் என்ற பழைய விளக்கத்தை அவர் ஏற்கவில்லை. முன்பே வறண்டிருந்த நிலத்தை மக்கள் பயன்படுத்திய விதத்துக்கும் அதில் பங்குண்டு என்பது அவர் வாதம்.

இந்தக் குழந்தைகளையும் தாழி மனிதரையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் மனம் கனக்கிறது. தாழி அடக்கமும் அந்தச் சரிவுக் காலத்தை ஒட்டியதுதான். ஊர் மெலிந்துகொண்டிருந்த காலத்தில்கூட நடு வீட்டின் மரியாதை குறையவில்லை. களஞ்சியம் பசித்த வீடுகளுக்குத் திறந்ததா, இல்லை நடு வீட்டைச் சுற்றியே நின்றுவிட்டதா? தலைவர் இருந்த காரணத்தால்தான் மற்ற ஊர்கள் காலியான பிறகும் இனாம்காவ் முந்நூறு ஆண்டுகள் நின்றது என்று ஒருவர் வாதிடலாம். தலைவர் இருந்தும் குழந்தைகள் வளரவில்லையே என்று இன்னொருவர் கேட்கலாம். இரண்டும் நியாயமான வாதங்கள். எனக்கு இரண்டாவதே கனமாகப் படுகிறது. ஆள்பவர்களை அளக்க அவர்களின் கல்லறையைவிட ஊர்க் குழந்தைகளின் எலும்பே நேர்மையான அளவுகோல்.

இனாம்காவில் ஓர் அரசர் இருந்தார் என்று சொல்ல எதுவும் இல்லை. மற்றவர்களைவிட உயர்வாக நடத்தப்பட்ட ஒரு குடி இருந்தது, அதன் வீடு தானியத்துக்குப் பக்கத்தில் இருந்தது, அந்த உயர்வு தலைமுறை கடந்து நீடித்தது என்ற அளவுக்கு உறுதியாகச் சொல்லலாம். அதற்குமேல் சொல்வது ஊகம்.

இவ்வளவையும் சொல்ல முடிவது, பொருள்களோடு அவை கிடந்த இடத்தையும் பதிவு செய்தார்கள் என்பதால்தான். அந்தத் தாழியை மட்டும் யாரோ தோண்டி விற்றிருந்தால், அது ஒரு வினோதமான களிமண் ஜாடி, அவ்வளவே. நம் பக்கத்தில் இன்று அகழாய்வுச் செய்தி வராத மாதமே இல்லை. வந்தவுடன் பொன் கிடைத்ததா, எத்தனை ஆண்டு பழமை என்று கேட்கிறோம். இனி இன்னொன்றையும் சேர்த்துக் கேளுங்கள்: எத்தனை வீடுகளின் தரையைத் திறந்தார்கள், தானியம் யார் வீட்டுப் பக்கத்தில் கிடந்தது?